பழைய சினிமா, டிவி நினைவுப் பொருட்கள் சேகரிக்கப் போகிறீர்களா? முதல் பொருளை வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நான் முதன்முதலில் வாங்கிய போஸ்டர் ஒரு நீளமான அட்டைக் குழாயில் வந்தது. 1950களில் வெளியான ஒரு படத்தின் அசல் அமெரிக்க போஸ்டர் என்று சொல்லி விற்றிருந்தார்கள். மேஜையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் இருக்க நான்கு மூலையிலும் புத்தகங்களை வைத்தேன். நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மடிப்புக் கோடு. குறுக்கே மூன்று கோடுகள். கோடுகள் சந்திக்கும் இடங்களில் மை உதிர்ந்து லேசாக வெள்ளை தெரிந்தது. பழசுதான் என்ற சந்தோஷத்தில் அந்த மடிப்பின் மேல் விரலை ஓட்டினேன். விரலுக்கு எதுவுமே தட்டுப்படவில்லை. தாள் வழவழவென்று இருந்தது. மடிப்பு, உதிர்ந்த மை, எல்லாமே அச்சில் இருந்தன. யாரோ ஓர் அசல் போஸ்டரைப் படமெடுத்து, அதன் மடிப்புகளோடு சேர்த்து அச்சடித்திருக்கிறார்கள்.

பணத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். கிடைக்கவில்லை. விற்றவர் சொன்ன வழியில், எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பணம் அனுப்பியிருந்தேன். அவர் போட்ட விளம்பரத்தைச் சேமித்து வைக்கவில்லை. பார்சலைப் பிரித்ததற்குப் படம் இல்லை. "நான் அனுப்பியது இது இல்லை" என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அந்த இரண்டு மாதத்திலும் அதற்குப் பின் வந்த வருடங்களிலும் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்தப் பொருட்கள் மேல் எனக்கு உயிர். புதிதாக வருகிறவர்கள் முதல் அடியிலேயே ஏமாந்து, வெறுத்துப்போய் விலகிவிடக் கூடாது.

1. முதல் மூன்று மாதம் பணப்பையைத் திறக்காதீர்கள்

முதலில் ஒரே ஒரு வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்த உலகத்தில் பல வகை உண்டு. போஸ்டர், லாபி கார்டு, ஸ்டில்ஸ், பிரஸ்புக் (படத்தை விளம்பரம் செய்யத் தியேட்டர்களுக்குக் கொடுத்த கையேடு) போன்ற காகிதப் பொருட்கள்; படப்பிடிப்பில் பயன்பட்ட ப்ராப்களும் (காட்சியில் நடிகர்கள் கையாளும் பொருட்கள்) உடைகளும்; ஸ்கிரிப்ட், கால்ஷீட் (அன்றன்றைய படப்பிடிப்பு விவரத் தாள்) போன்ற தயாரிப்புத் தாள்கள்; கார்ட்டூன்களுக்காகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் தீட்டிய செல் ஓவியங்கள்; பிலிம் சுருள்கள்; கையெழுத்துகள்; டிவி தொடர்களை ஒட்டி வந்த பொம்மைகள், சாப்பாட்டு டப்பாக்கள். ஒவ்வொன்றுக்கும் போலி செய்கிற விதம் வேறு, பாதுகாக்கிற விதம் வேறு, சந்தை வேறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கினால் எதிலும் கண் பழகாது.

புதியவர்களுக்கு நான் சொல்வது லாபி கார்டு. தியேட்டர் வரவேற்பறையில் மாட்டுவதற்காக அச்சடித்த அட்டைகள் இவை. அமெரிக்க அளவு 11க்கு 14 அங்குலம், பெரும்பாலும் 8 அட்டைகள் ஒரு செட். கையடக்கமானவை, அனுப்புவது சுலபம், வைக்க அதிக இடம் வேண்டாம், ஒப்பிட்டுப் பார்க்க நிறைய மாதிரிகள் கிடைக்கும். செட்டாக வாங்கத் தேவையில்லை, தனி அட்டையாகவே வாங்கலாம்.

கையெழுத்துப் பக்கம் முதல் வருடம் போகவே போகாதீர்கள். உதவியாளர்கள் போட்ட கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப், இயந்திரம் போட்ட கையெழுத்து, அச்சிலேயே வந்த கையெழுத்து என்று அதில் அத்தனை குழி இருக்கிறது.

இந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பெரிய ஏல நிறுவனங்கள் முடிந்துபோன ஏலங்களின் படத்தையும் விலையையும் இணையத்தில் வைத்திருக்கின்றன. உங்களுக்குப் பிடித்த பத்துப் பொருட்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எந்த நிலையில் என்ன விலைக்குப் போனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்பவர் கேட்கும் விலையை எழுதாதீர்கள், விற்றுமுடிந்த விலையை மட்டும் எழுதுங்கள். கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம்.

2. அளவு, மடிப்பு, எண்: காகிதத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அசலா போலியா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அளவுகோலிலேயே இருக்கிறது. அமெரிக்காவின் முக்கிய போஸ்டர் அளவுக்கு ஒன்-ஷீட் என்று பெயர். 1980களின் நடுப்பகுதி வரை அது 27க்கு 41 அங்குலம், அதன் பிறகு 27க்கு 40. ஹாஃப்-ஷீட் 22க்கு 28, இன்சர்ட் 14க்கு 36, விண்டோ கார்டு 14க்கு 22. பிரிட்டிஷ் குவாட் படுக்கைவாட்டில் 40க்கு 30. பிரெஞ்சு கிராண்ட் ஏறத்தாழ 120க்கு 160 சென்டிமீட்டர். ஜப்பானிய பி2 ஏறத்தாழ 51க்கு 73 சென்டிமீட்டர். கால் அங்குலம் அப்படி இப்படி இருக்கலாம். ஆனால் 1960ஐச் சேர்ந்த ஒன்-ஷீட் என்று சொல்லி 24க்கு 36 அங்குலத்தில் ஒன்று வந்தால் அதற்கு மேல் பேசவே வேண்டாம். அது கடையில் விற்கும் அலங்கார போஸ்டரின் அளவு.

அளவு ஒரு பக்கம் மட்டும் குறைந்திருந்தால் யாரோ கிழிந்த ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். அது அசலாகவே இருக்கலாம், ஆனால் விலை வெகுவாக இறங்கும். "ஓரம் வெட்டப்பட்டதா?" என்று நேராகக் கேளுங்கள். விளம்பரத்தில் அளவு எழுதாமல் விட்டிருந்தால், டேப்பை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அடுத்தது மடிப்பு. அமெரிக்க ஒன்-ஷீட்கள் 1980களின் தொடக்கம் வரை பெரும்பாலும் அச்சகத்திலிருந்தே மடித்துத்தான் தியேட்டர்களுக்குப் போயின. நெடுக்கில் ஒரு மடிப்பு, குறுக்கில் மூன்று, மொத்தம் எட்டுக் கட்டங்கள். அதனால் 1950ஐச் சேர்ந்த ஒன்-ஷீட்டில் மடிப்பு இருப்பது குறையே இல்லை. இல்லாமல் இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும். சுருட்டி அனுப்பிய சில பழைய போஸ்டர்களும் உண்டு, ஆனால் குறைவு. உண்மையான மடிப்பில் விரல் தட்டும், பின்பக்கத்திலும் அதே கோடு தெரியும், கோடுகள் சந்திக்கும் இடத்தில் நார் பிரிந்திருக்கும். எனக்கு வந்த தாளின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. திருப்பிப் பார்த்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். விளம்பரத்தில் பின்பக்கப் படம் கேட்கவேண்டும் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

மூன்றாவது, கீழ் ஓரத்து எழுத்துகள். 1940 வாக்கிலிருந்து 1980கள் வரை அமெரிக்காவின் பெரும்பாலான படங்களின் போஸ்டர்களை தியேட்டர்களுக்கு அனுப்பி வைத்தது நேஷனல் ஸ்கிரீன் சர்வீஸ் என்ற நிறுவனம். அது ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் கொடுத்தது. வலது கீழ் மூலையில் 62/105 என்று இருந்தால், 1962இல் அந்த நிறுவனம் எண்ணிட்ட 105ஆவது படம் என்று அர்த்தம். முன்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மறுவெளியீட்டின் போஸ்டர். இங்கேதான் பலர் விழுகிறார்கள். 1940களின் படம், பார்க்கப் பழைய தாள், உண்மையான மடிப்பு, எல்லாம் சரி. ஆனால் எண் 1950களைச் சேர்ந்தது. பொருள் அசல்தான், மறுவெளியீட்டுக்கு அச்சடித்தது. முதல் வெளியீட்டு போஸ்டரின் விலையில் சிறு பங்குதான் அதற்குப் போகும். விற்பவர் பொய் சொல்லியிருக்க மாட்டார், படத்தின் வருடத்தை மட்டும் எழுதியிருப்பார். போஸ்டரின் வருடத்தைக் கேட்பது உங்கள் வேலை.

பிரிட்டிஷ் போஸ்டர்களில் அச்சகத்தின் பெயரும் ஊரும் ஓரத்தில் இருக்கும். இந்தச் சிறிய எழுத்துகள் கலங்கி, பிசிறடித்துத் தெரிந்தால் அது ஒரு படத்தைப் படமெடுத்த நகல்.

3. லூப், புற ஊதா டார்ச், உங்கள் மூக்கு

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு புற ஊதா டார்ச். இந்த இரண்டையும் போஸ்டருக்கு முன்னால் வாங்குங்கள்.

லூப்பைப் பெரிய எழுத்துகளின் மேல் வையுங்கள். முகத்தில் புள்ளிகள் தெரிவது இயல்பு, ஆப்செட் அச்சில் புகைப்படம் அப்படித்தான் விழும். ஆனால் தலைப்பு எழுத்து, கீழே நடிகர் பெயர்கள் போன்றவை பொதுவாகத் திண்ணமான ஒரே நிறத்தில், கத்தரித்தது போன்ற விளிம்போடு இருக்க வேண்டும். கறுப்பு எழுத்துக்குள்ளேயே நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கலந்து நின்றால், ஏற்கெனவே அச்சான ஒன்றை ஸ்கேன் செய்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள். வரிசையே இல்லாமல் தூவிவிட்டது போல நுண்துளிகள் தெரிந்தால் அது இங்க்ஜெட் பிரிண்டர்.

இருட்டறையில் புற ஊதா டார்ச்சை அடியுங்கள். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் சாயங்கள் காகிதத்தில் கலக்கப்பட்டது 1950 வாக்கில்தான். 1930களின் லாபி கார்டு என்று சொல்வது நீலவெள்ளையாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அந்தத் தாள் அந்தக் காலத்தது இல்லை. ஒளிராததாலேயே அசல் என்று முடிவு கட்டாதீர்கள், இப்போதும் ஒளிராத தாள்கள் தயாராகின்றன. பழுது பார்த்த இடங்களும் இந்த வெளிச்சத்தில் திட்டுத் திட்டாக வேறு நிறத்தில் தெரியும். அதனால் அசலான போஸ்டருக்கும் இந்தச் சோதனை தேவை.

அனுபவசாலிகளும் ஏமாறுவார்கள் என்பதை மனதில் வையுங்கள். 1930களின் திகில் படங்களுக்கான போஸ்டர், லாபி கார்டுகளின் போலிகள் அமெரிக்கச் சந்தையில் புழங்கியது 2009 வாக்கில் வெளிவந்தபோது, அவற்றை வாங்கியிருந்தவர்களில் பல வருடம் இதிலேயே இருந்தவர்களும் உண்டு. விலை உயர்ந்த பொருளைத் தனி ஆளாக முடிவு செய்யாதீர்கள். காகிதம் பழுது பார்க்கும் வல்லுநர் ஒருவரிடம் காட்டக் கட்டணம் கொடுப்பது வீண்செலவே இல்லை.

மூக்கு எதற்கு என்றால், புது மை, புளித்த வாடை, பூஞ்சை வாடை மூன்றையும் அது கண்ணுக்கு முன்னால் சொல்லிவிடும். புளித்த வாடையைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

4. ப்ராப், உடை, ஸ்கிரிப்ட்: சொற்களைக் கவனித்து வாங்குங்கள்

இந்தப் பகுதியில் பணம் போவது சொற்களில்தான். "திரையில் பயன்பட்டது" என்றால் கேமரா முன் வந்தது. "தயாரிப்புக்காகச் செய்தது" என்றால் படத்துக்காகச் செய்திருக்கிறார்கள், திரையில் வந்ததா என்பது தெரியாது. "ஹீரோ ப்ராப்" என்பது நெருக்கமான ஷாட்டுக்காக நுணுக்கமாகச் செய்தது. "ஸ்டண்ட்" என்பது அடிபட, எறிய, உடையச் செய்த ரப்பர், நுரை நகல். "ரெப்ளிக்கா" என்பது பின்னாளில் ரசிகர்களுக்காகச் செய்தது. ஒரே துப்பாக்கி இந்த ஐந்து சொற்களிலும் ஐந்து விலைக்குப் போகும். விற்பவர் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறார் என்று பாருங்கள், அதையே பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் உறுதியானது திரையோடு பொருத்திப் பார்ப்பது. மரத்தின் ரேகை, ஒரு கீறல், துணியில் பூ வந்து விழும் இடம், மணிகள் கோத்த வரிசை என ஒவ்வொன்றையும் படத்தின் ஃபிரேமோடு வைத்து ஒப்பிட வேண்டும். 1939இல் வந்த 'தி விஸார்ட் ஆஃப் ஆஸ்' படத்தின் சிவப்புக் காலணிகளில் இன்று நான்கு ஜோடிகள் இருப்பதாக அறியப்படுகிறது. அவற்றில் ஒரு ஜோடி 2005இல் மினசோட்டாவின் ஒரு மியூசியத்திலிருந்து திருடு போய், 2018இல் மீட்கப்பட்டது. அசலா என்று பார்ப்பதற்காக அதை ஸ்மித்சோனியன் என்ற அமெரிக்க மியூசிய நிறுவனத்திடம் இருந்த ஜோடியோடு பக்கத்தில் வைத்தபோது, இரண்டு ஜோடியிலும் இடதும் வலதும் மாறிப்போயிருந்தது தெரிந்தது. இதில் ஒன்றும் அதில் ஒன்றுமாக எடுத்துச் சேர்த்தால்தான் சரியான ஜோடி. பொருளை அவ்வளவு கிட்டே இருந்து பார்க்க வேண்டும்.

டிவி, சினிமா ஸ்கிரிப்ட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்கத் தயாரிப்புகளில் திருத்தம் செய்த பக்கங்களை வேறு நிறத் தாளில் கொடுப்பது வழக்கம். முதலில் வெள்ளை, பிறகு நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், பச்சை என்று போகும், பக்கத்தின் தலையில் திருத்திய தேதி இருக்கும். படப்பிடிப்பில் இருந்த ஸ்கிரிப்டைப் புரட்டினால் பெரும்பாலும் இந்த நிறங்கள் கலந்து வரும். முழுக்க வெள்ளை, துளைகள் கூட அச்சில் கறுப்பு வட்டமாக விழுந்திருக்கிறது என்றால் அது ஜெராக்ஸ். ஜெராக்ஸுக்கும் அசலுக்கும் விலை வித்தியாசம் மலையளவு.

கார்ட்டூன் செல்களில் "சீரிசெல்" என்ற சொல்லைப் பார்த்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அது விற்பனைக்கென்றே அச்சடித்தது, கேமராவுக்குக் கீழே போனதே இல்லை. சுவரில் மாட்ட அழகாக இருக்கும். தயாரிப்பில் பயன்பட்ட செல்லின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

5. என்னென்ன ஆவணங்கள் வேண்டும்

பொருளை வாங்குகிறபோது அது கைமாறிய கதையையும் சேர்த்து வாங்குகிறீர்கள். அந்தக் கதை தாளில் இல்லை என்றால், நாளை விற்கப் போகும்போது உங்கள் வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஃபைல் போட்டு இவற்றை வையுங்கள்:

விற்பவரின் பெயர், தேதி, பொருளின் முழு விவரம் (அளவு, வருடம், முதல் வெளியீடா மறுவெளியீடா, எந்தெந்தக் குறைகள்) எழுதிய பில். "சினிமா போஸ்டர் 1" என்று மட்டும் எழுதிய பில்லால் பயன் இல்லை.

இது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று விற்பவர் எழுதிக் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு. ப்ராப் என்றால் படத்தில் வேலை செய்தவரின் கடிதம், அவர் வேலை செய்தார் என்பதற்கான சான்று.

விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், முழுவதும், தேதியோடு. விற்றதும் விளம்பரத்தைத் தூக்கிவிடுவார்கள்.

உங்களுக்கும் விற்றவருக்கும் நடந்த எல்லா உரையாடலும். போனில் பேசினால், "நாம் பேசியது இதுதானே" என்று எழுதி அனுப்பிப் பதில் வாங்குங்கள்.

பழுது பார்த்திருந்தால் அதற்கு முன் எடுத்த படங்கள். கான்வாஸில் ஒட்டிய போஸ்டர் புதுசு போல மின்னும். கீழே எவ்வளவு கிழிசல், எவ்வளவு வண்ணம் தீட்டி மறைத்தது என்று முன்படம் இல்லாமல் தெரியாது.

"அசல் சான்றிதழ்" என்ற தங்க முத்திரைத் தாளை மட்டும் நம்பாதீர்கள். அதைப் பிரிண்டர் வைத்திருக்கும் யாரும் அச்சடிக்கலாம். யார் கொடுத்தது, பொய் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத சான்றிதழ் வெறும் காகிதம்.

திருட்டுப் பொருளை வாங்கினால் உரிமையாளர் வந்து கேட்கும்போது பொருளும் போகும், பணமும் போகும். அந்தச் சிவப்புக் காலணிகள் பதிமூன்று வருடம் வெளியே இருந்தன. "எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள்" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

பொருள் உங்களுடையது ஆனாலும் அதன் காப்புரிமை உங்களுக்கு வராது. போஸ்டரை வைத்திருக்கலாம், விற்கலாம். ஸ்கேன் செய்து டீ-சர்ட்டில் அச்சடித்து விற்க அது அனுமதி இல்லை.

6. உண்மையான செலவு

ஏலத்தில் தட்டி முடிக்கும் விலையோடு கணக்கு முடிவதில்லை. வாங்குபவர் கட்டணம் என்று ஒன்றை ஏல நிறுவனம் அதன் மேல் வாங்கும், பொதுவாக 20 விழுக்காடும் அதற்கு மேலும். நான் சொன்ன சிவப்புக் காலணிகள் 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலருக்குத் தட்டி முடிக்கப்பட்டன. கட்டணத்தோடு சேர்ந்தபோது 3 கோடியே 25 லட்சம். நாம் வாங்கும் சின்னப் பொருளில் விழுக்காடு இதைவிடக் கூடுதலாகவே இருக்கும், ஏனென்றால் பெரிய தொகைகளுக்குத்தான் கட்டணம் படிப்படியாகக் குறையும்.

நான் போடும் கணக்கு இப்படி. தட்டி முடித்த விலை 100 என்று வையுங்கள். வாங்குபவர் கட்டணம் 25. பேக்கிங்கும் அனுப்பும் செலவும் 12, பயண இன்சூரன்ஸ் 2. இப்போது 139. வெளிநாட்டிலிருந்து வந்தால் பல நாடுகளில் இந்த 139க்கு மேல்தான் வரி. வரி 20 விழுக்காடு என்று வைத்தால் ஏறத்தாழ 28. நாணயம் மாற்றும் கட்டணம் 3. மொத்தம் 170. உங்கள் ஊர் வரியும் ஏல நிறுவனத்தின் விகிதமும் மாறும், ஆனால் மாதிரி இதுதான். ஆக, கையில் 100 இருந்தால் ஏலத்தில் 58க்கு மேல் கை தூக்கக் கூடாது. அந்த எண்ணை ஏலத்துக்கு முந்தைய நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏலம் ஓடும்போது மனம் நிதானத்தில் இருக்காது.

இதற்குப் பிறகும் உறை, அட்டைப்பெட்டி, ஃபிரேம் செலவு இருக்கிறது. சிறிய பொருளில் அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தாண்டும். அதனால் ஒரே விற்பவரிடம் மூன்று நான்கு லாபி கார்டு சேர்த்து வாங்கி ஒரே பார்சலில் வரவழையுங்கள்.

7. பணம் கட்டுவது, காலக்கெடு

பேபால் என்ற இணையப் பணச் சேவை வழியாக அனுப்பும்போது நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் வழி ஒன்று உண்டு, அதில் கட்டணம் குறைவு. "அதில் அனுப்புங்கள், விலையைக் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்" என்பார்கள். அந்த வழிக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. நான் மாட்டியது இதே மாதிரி ஒரு சலுகையில்தான். பொருளுக்கான பணம் என்று குறிப்பிட்டு அனுப்பினால் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் எழுப்பலாம். ஈபே என்ற இணையச் சந்தையில், பொருள் வந்துசேரும் என்று சொன்ன கடைசித் தேதியிலிருந்து 30 நாட்கள். இந்தத் தேதிகளை வாங்கிய அன்றே காலண்டரில் குறியுங்கள். "இன்னும் ஒரு வாரம் பொறுங்கள், அனுப்பிவிடுகிறேன்" என்று இழுத்து இழுத்தே இந்த நாட்களைக் கடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னால் கையில் பொருள் இல்லை என்றால் புகாரைப் பதிந்துவிடுங்கள்.

ஏலம் என்றால், பட்டியல் வெளிவந்த முதல் வாரத்திலேயே பொருளின் குறைகளைச் சொல்லும் நிலை அறிக்கையும் கூடுதல் படங்களும் கேளுங்கள். கடைசி இரண்டு நாளில் கேட்டால் பதில் வராது. ஜெயித்தபின் பணம் கட்டச் சில நாட்களே கொடுப்பார்கள், தாமதித்தால் வட்டியும் கிடங்கு வாடகையும் ஏறும். விதிமுறைப் பக்கத்தில் போலி என்று நிரூபித்தால் திரும்ப எடுத்துக்கொள்ளும் காலம் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டே பெயர் பதியுங்கள்.

8. பார்சலும் சுங்கமும்

மடித்த போஸ்டரை மடித்தபடியே, இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே தட்டையாக அனுப்பச் சொல்லுங்கள். மடித்ததை விரித்துச் சுருட்டினால் மடிப்புகள் கிழியும். சுருட்டியது என்றால் கனமான குழாய், தாளைவிட இரு பக்கமும் நீளம் கூடுதலாக, உள்ளே முனைகளில் பஞ்சு. நேராக போஸ்டரின் மேல் டேப் ஒட்டவே கூடாது.

சுங்கப் படிவத்தில் உண்மையான விலையைப் போடுங்கள். "பரிசுப் பொருள், விலை 10" என்று எழுதித் தருவதாக விற்பவர்கள் தாராளமாகச் சொல்வார்கள். பார்சல் தொலைந்தால் இன்சூரன்ஸும் அந்தப் பத்தைத்தான் கொடுக்கும். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு. அச்சிட்ட படங்களும் புகைப்படங்களும் உலக அளவில் பொதுவான சுங்க வகைப்பாட்டில் 4911 என்ற தலைப்பில் வரும், வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருட்கள் 9705இல், நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருள் 9706இல். எந்தத் தலைப்பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வரி மாறும். அதனால் அனுப்புவதற்கு முன்பே விற்பவரிடம் பேசி, வகைப்பாடும் பொருளின் வயதும் பில்லில் இருக்கும்படி செய்யுங்கள். பார்சல் சுங்கத்தில் நின்றபிறகு இதைத் திருத்துவது பெரும்பாடு.

பழைய உடைகளில் இன்னொரு பொறி. சிறுத்தைத் தோல், ஆமை ஓடு, யானைத் தந்தம், சில பறவைகளின் இறகு ஆகியவை கலந்திருந்தால் அழியும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் ஒப்பந்தப்படி அனுமதித் தாள் வேண்டும். அது இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல்தான்.

9. பிரிக்கும் நாள்

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். முதலில் நான்கு பக்கமும், ஸ்டிக்கரும், ஒட்டியிருக்கும் டேப்பும் தெரியட்டும். பிறகு ஒரே தொடர்ச்சியாகப் பொருள் வெளியே வரும் வரை. கத்தியை ஓரத்தில் மட்டும் ஓட்டுங்கள். அன்றே அளவெடுத்து, பின்பக்கம் பார்த்து, லூப்பும் டார்ச்சும் வைத்து முடித்துவிடுங்கள். சேதம் என்றால் அன்றே எழுதுங்கள். கூரியர் நிறுவனங்கள் கொடுக்கும் நாட்கள் குறைவு, பெட்டியையும் கேட்பார்கள், எறிந்துவிடாதீர்கள்.

10. பத்திரமாக வைப்பது

லேமினேஷன் செய்யாதீர்கள். செலோ டேப் போடாதீர்கள். அட்டையில் பசை வைத்து ஒட்டாதீர்கள். மூன்றுமே திரும்ப எடுக்க முடியாதவை. வல்லுநர்கள் ஒட்டும்போது கோதுமை ஸ்டார்ச் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கான்வாஸும் வைப்பார்கள், நனைத்தால் பின்னாளில் பிரித்துவிடலாம். நல்ல கைகளில் இந்த வேலைக்கு மாதக்கணக்கில் வரிசை இருக்கும். அவசரமாகச் செய்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

உறை பாலியெஸ்டராக இருக்கட்டும், மைலார் என்ற பெயரில் கிடைக்கும். மெத்தென்று, பிளாஸ்டிக் வாடை அடிக்கிற பிவிசி உறை தாளோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் வைக்கும் அட்டை அமிலம் இல்லாததாக இருக்க வேண்டும். அறை 18 முதல் 21 டிகிரி, ஈரப்பதம் 35 முதல் 50 விழுக்காடு என்பது நல்ல இலக்கு. அது முடியாவிட்டால் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் இருந்தாலே பாதி வெற்றி. வெளிச் சுவரை ஒட்டியோ தரையிலோ வைக்காதீர்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள், வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மாட்ட வேண்டும் என்றால் புற ஊதாவைத் தடுக்கும் அக்ரிலிக் போட்டு, வெயில் படாத சுவரில், சில மாதம் மட்டும். வெளிச்சம் தின்ற நிறம் திரும்ப வராது.

நுரையிலும் லேட்டக்ஸிலும் செய்த முகமூடிகள், பொம்மைகள் படப்பிடிப்பு நடக்கும் சில வாரங்களுக்காகச் செய்தவை. எவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் பொடியும். அதை மனதில் வைத்து விலை பேசுங்கள்.

பிலிம் சுருள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. பிலிம்கள் பெரும்பாலும் நைட்ரேட்டில் ஆனவை. பற்றினால் தண்ணீர் ஊற்றினாலும் அணையாது, எரியத் தேவையான ஆக்சிஜனைத் தானே விடும். விமானத்திலும் தபாலிலும் இது ஆபத்தான சரக்கு. ஓரத்தில் 'சேஃப்டி' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய 35 மி.மீ. சுருளில் அது இல்லை என்றால் வீட்டுக்குள் கொண்டு வராதீர்கள், அருகிலுள்ள திரைப்பட ஆவணக் காப்பகத்தைக் கேளுங்கள். பாதுகாப்பான அசிடேட் பிலிமுக்கு வேறு நோய் உண்டு. டப்பாவைத் திறந்ததும் வினிகர் போலப் புளித்த வாடை மூக்கில் ஏறினால் அது சிதையத் தொடங்கிவிட்டது, சுருள் சுருங்கி நெளியும், பக்கத்துச் சுருள்களுக்கும் பரவும். அப்படி ஒன்றைத் தெரியாமல் வாங்கிவிட்டால் உடனே தனியே பிரித்துக் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். விற்பவரிடம் "மோந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம், விவரம் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்.

11. பட்டியலும் காப்பீடும்

வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்கு உச்சவரம்பு மிகக் குறைவாக இருக்கும், சிலவற்றில் அடியோடு விலக்கியிருப்பார்கள். பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு, தேவைப்பட்டால் தனியாகப் பொருள்வாரியாகப் பதியுங்கள். அதற்கு அவர்கள் கேட்பது ஐந்தாவது படியில் நீங்கள் போட்ட ஃபைலைத்தான்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை எண், வாங்கிய தேதி, எல்லாச் செலவும் சேர்ந்த விலை, அளவு, குறைகள், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது, முன்பக்கம் பின்பக்கம் இரண்டின் படம். எண்ணைப் பொருளின் மேல் எழுதாதீர்கள், உறையின் மேல் பென்சிலால் எழுதிய சீட்டாக ஒட்டுங்கள். பட்டியலில் ஒரு பிரதி வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இன்னொன்றை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, எந்தப் பெட்டியைத் தண்ணீர் வந்தால் முதலில் தூக்க வேண்டும் என்று காட்டி வையுங்கள். என் பட்டியலில் முதல் வரிசை எண் அந்தப் போலி போஸ்டர்தான். யாராவது புதியவர் பார்க்க வந்தால் முதலில் அதை எடுத்துக் கையில் கொடுத்து, மடிப்பின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.